முப்பத்தொன்று முடிந்த பிறகு யார் போவது?

கேள்வி சுருக்கமாக இது: மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் 160 குடும்பங்கள் உள்ள ஒரு கிராமம். வெள்ளத்தில் பெரும்போக வேளாண்மை போய்விட்டது. பெண்கள் பெயரில் நுண்கடன் குவிந்து கிடக்கிறது. ஒரு வருடத்துக்குள் இரண்டு பேர் உயிரை மாய்க்க முயன்று, ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியிருக்கிறார்கள். மாதர் சங்கமும் மரண உதவிச் சங்கமும் சேர்ந்து ஏதாவது செய்ய நினைக்கின்றன. "எங்களில் ஒருவருக்கும் கவுன்சிலிங் தெரியாது. கிளினிக்குக் கூட்டிப் போய் வர ஒரு நாள் கூலி போகும். எங்கே தொடங்குவது?"

கவுன்சிலிங் தெரியாதது பெரிய குறை இல்லை. உங்கள் ஊரில் இல்லாதது வேறொன்று. ஒரு செத்தவீட்டை எடுத்துப் பாருங்கள். அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயல்வீடுகளில் இருந்து சோறு வருகிறது, இரவில் பாய் போட்டுப் படுக்க ஆள் வருகிறது, பிள்ளைகளை யாரோ குளிப்பாட்டுகிறார்கள். எட்டுக்கு வருகிறார்கள், முப்பத்தொன்றுக்கு வருகிறார்கள். முப்பத்திரண்டாம் நாள் காலையில் கதிரைகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, தறப்பாளைக் கழற்றியாயிற்று. அந்த வீட்டுப் பெண் தனியே தேத்தண்ணி ஊற்றத் தொடங்குவது அன்றைக்குத்தான். கடன்காரன் வருவதும், பள்ளிக்கூடத்தில் இருந்து கடிதம் வருவதும், உறக்கம் வராமல் போவதும் அதற்குப் பிறகுதான். வெள்ளத்திலும் இதே கதை. முகாமில் இருக்கும்போது சமைத்த சாப்பாடும் வரும், ஆட்களும் வருவார்கள். சேறு அள்ளிய வீட்டுக்குத் திரும்பிய மூன்றாம் மாதம் யாரும் வருவதில்லை. நம் சமூகத்துக்கு ஆறுதல் சொல்லத் தெரியும். அதை எத்தனை நாளைக்குச் செய்வது என்பதற்குத்தான் ஒழுங்கு இல்லை. உங்கள் சங்கம் அந்த முப்பத்திரண்டாம் நாளைப் பொறுப்பெடுத்தால் போதும்.

இதை நல்லெண்ணத்தில் மட்டும் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. சென்னையும் கொழும்பும் அதில் இருந்தன. உயிரை மாய்க்க முயன்று அவசர சிகிச்சைக்கு வந்த 1,867 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழமையான வைத்தியம் மட்டும். மற்றப் பிரிவுக்கு அதோடு ஒரு மணித்தியாலம் அளவில் ஒரு பேச்சும், பிறகு 18 மாதத்துக்குள் ஒன்பது தடவை தொலைபேசியிலோ நேரிலோ விசாரிப்பும். அந்தக் காலம் முடிந்தபோது தற்கொலையால் இறந்தவர்கள் முதற்பிரிவில் 2.2 வீதம், விசாரிக்கப்பட்ட பிரிவில் 0.2 வீதம். விசாரித்த நாட்கள்: 1, 2, 4, 7, 11ஆம் வாரங்கள், பிறகு 4, 6, 12, 18ஆம் மாதங்கள். இந்த ஒன்பதையும் கலண்டரில் குறித்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த உங்கள் ஊர்க்காரர் இரண்டு பேருக்கும் இதுதான் முதல் வேலை. நீங்கள் பக்கத்திலேயே இருப்பதால் முதல் மாதம் இதைவிட அடிக்கடி போகலாம், வாரத்துக்கு இரண்டு தடவை என்றாலும் சரி. வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்கள்தான் ஆபத்துக் கூடியவை. "வந்திட்டார், இனிப் பயமில்ல" என்று ஊர் மூச்சு விடும் நேரமும் அதுவே.

ஆட்களைத் தெரிவது பற்றி. 160 குடும்பத்துக்கு எட்டுப் பேர் போதும், இரண்டிரண்டு பேராக நான்கு சோடி. ஒரு சோடிக்கு ஒரே நேரத்தில் ஐந்து வீட்டுக்கு மேல் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் ஆறாம் வாரத்தில் எல்லா வீடும் நின்றுபோகும். சங்கத்தில் பதவி வகிப்பவர்களை எடுப்பதுதான் வழக்கம். ஆனால் தலைவருக்கு ஏற்கெனவே ஆயிரம் வேலை. ஆட்கள் தாமாகவே போய்ப் பேசும் மனிதர்கள் ஊரில் இருப்பார்கள்: தையல் மெசின் வைத்திருக்கும் அக்கா, கொப்பிக் கடன் கொடுக்கும் கடைக்காரர், சலூன்காரர், பிள்ளைப்பேற்றுக்கெல்லாம் கூடப் போகும் பெரியம்மா. யாருடைய கடன் கொப்பி திடீரென்று நீள்கிறது என்று கடைக்காரருக்கு முதலில் தெரியும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஆர்வத்தோடு வருவார்கள். ஆனால் அறிவுரை சொல்லாமல் பத்து நிமிடம் இருக்கச் சொன்னால் அவர்களில் பாதிப் பேருக்கு முடியாது. முதலில் கணக்கு வழக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆண்களும் வேண்டும், குறைந்தது மூன்று பேர். குடிக்கிறவர், மனைவி வெளிநாட்டில் இருக்கிறவர், வயல் குத்தகை தோற்றவர் போன்ற ஆண்களிடம் மாதர் சங்கம் போக முடியாது. எட்டுப் பேரும் ஒரே தாய்வழிக் குடியாகவோ, கோயில் வழக்கில் ஒரே பக்கமாகவோ இருந்தால் மறுபக்கத்துக் கதவு உங்களுக்குத் திறக்காது. கண்ணகியம்மன் சடங்கில் எந்தெந்தக் குடிக்கு என்ன உரிமை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதே கணக்கை இங்கேயும் போடுங்கள். ஊருக்கு எல்லையில் முஸ்லிம் கிராமம் இருந்தால் அங்கே பள்ளிவாசல் நிர்வாகத்தோடும் பேசி, தனியாக ஒரு சோடியை அவர்களே அமைக்கட்டும். கணவனை இழந்து இத்தாவில் இருக்கும் பெண்ணை நான்கு மாதமும் பத்து நாளும் யார் போய்ப் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நம் பகுதியில் வீடு பெண்ணுக்கு, சகோதரிகள் அடுத்தடுத்த வளவில் இருப்பார்கள். ஒருத்திக்கு ஒன்று என்றால் மற்றவளுக்கு வேலிக்கு மேலால் கேட்கும். அது இருக்கும் வளவில் உங்கள் வேலை பாதிதான். அக்காவுக்கு நாலு விசயம் சொல்லிக் கொடுத்தால் நடக்கும். சுனாமிக்குப் பின் கட்டிய குடியேற்றங்களில் அந்த ஒழுங்கு குலைந்தது. வீடுகள் பல இடங்களில் குடும்பத் தலைவர் என்று ஆண் பெயரில் எழுதப்பட்டன, சகோதரிகள் வேறு வேறு திட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். அப்படிப்பட்ட வீடுகளையும், வேறு ஊரில் இருந்து கலியாணம் கட்டி வந்த பெண்களையும் உங்கள் பட்டியலில் முதலில் வையுங்கள்.

இனி, போய் என்ன செய்வது. வாசலில் ஜீப் நிற்கக் கூடாது, தொப்பியும் ரீசேட்டும் போட்டு வரிசையாகப் போகக் கூடாது, கையில் படிவம் இருக்கக் கூடாது. சுனாமிக்குப் பின் அடுத்தடுத்து வந்த நிறுவனங்களிடம் ஒரே தாய் ஒரே கதையைப் பலமுறை சொல்லிக் களைத்ததை நம் கரை மறக்கவில்லை. அந்த வருகையையே இரண்டாவது சுனாமி என்று சொன்னார்கள். நடந்ததை முழுக்க ஒரே இருப்பில் சொல்ல வைப்பது ஆற்றாது, சிலருக்கு நிலைமையை மோசமாக்கும் என்பது ஆய்வுகளிலும் தெளிவாகியிருக்கிறது. அதனால் "அண்டைக்கு என்ன நடந்தது?" என்று நீங்கள் தொடங்கவே வேண்டாம். அவர் தானாகச் சொன்னால் கேளுங்கள்.

ஒரு சாமானோடு போங்கள், முருங்கைக்காய் நாலு, கொஞ்சம் மரவள்ளிக் கிழங்கு. சாட்டு இருந்தால் வாங்குகிறவருக்கும் கூச்சம் இல்லை. பின்னேரம் நாலரை மணி நல்லது. சமையலும் முடிந்திருக்கும், ஆண்கள் வந்திருக்க மாட்டார்கள். உட்கார்ந்து முதல் பத்து நிமிடம் மழை, மாடு, பிள்ளையின் சோதனை பற்றிப் பேசுங்கள். பிறகு இரண்டு கேள்வி: "ராவையில உறக்கம் எப்பிடி?" "சோறு இறங்குதா?" இந்த இரண்டும் யாரையும் புண்படுத்தாது, ஆனால் நிறையச் சொல்லிவிடும். நம் ஆட்கள் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்வதில்லை. "ஒரே யோசின", "நெஞ்சுக்குள்ள பதறுது", "மண்டைக்குள்ள என்னமோ ஓடுது", "கைகால் உளைவு", "ஏங்கிப் போனன்" என்பார்கள். அந்தச் சொல்லையே திருப்பிப் பாவியுங்கள். "அந்த யோசின எந்த நேரம் கூட வருது?" என்றால் அவர் தொடர்வார். "உங்களுக்கு டிப்ரஷன்போல" என்றால் அன்றோடு கதவு மூடும். "விசர்" என்ற சொல் உங்கள் குழுவின் வாயில் பகிடிக்கும் வரக்கூடாது.

சொல்லக்கூடாதவை இன்னும் சில: "எல்லாம் விதி", "உன்னை விடக் கஷ்டப்படுற ஆக்கள் இருக்காங்க", "புள்ளைகளுக்காகத் தைரியமா இரு". மூன்றுமே வாயை அடைக்கும். அவர் அழுதால் தண்ணீர் எடுக்க ஓடாதீர்கள், பக்கத்திலேயே இருங்கள். நாற்பது நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம். எழும்பும்போது அடுத்த நாளைச் சொல்லிவிட்டு எழும்புங்கள்: "வாற வியாழன் வாறன்கா." அந்த வியாழன் போகாவிட்டால் அதுவரை போனதெல்லாம் வீண். மழையென்றால் போன் பண்ணிச் சொல்லுங்கள். இந்த வேலையில் அதிகம் கெடுவது இந்த இடத்தில்தான். உற்சாகத்தில் "நாளைக்கும் வாறன்" என்று சொல்லிவிட்டு மூன்று வாரம் காணாமல் போவது.

நாலைந்து சந்திப்புக்குப் பிறகு, கேட்பதோடு நிற்காமல் ஒரு பிரச்சினையை எடுத்துத் துண்டு போடலாம். உலக சுகாதார நிறுவனம் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களுக்கென்று அமைத்த ஐந்து சந்திப்பு முறையின் சாரமும் ஏறக்குறைய இதுதான்: ஆறுதலாக மூச்சு விடப் பழக்குவது, ஒரு பிரச்சினையைத் தெரிந்து தீர்க்கக்கூடிய துண்டாக்குவது, நின்றுபோன ஒரு வேலையைச் சிறிதாகத் திரும்பத் தொடங்குவது, துணைக்கு ஆளைச் சேர்ப்பது, பழையபடி விழாமல் பார்ப்பது. "திரும்ப வயலுக்குப் போ" என்பது சிறிய வேலை இல்லை. "நாளைக் காலையில கீரைப் பாத்திக்கு ரெண்டு வாளி தண்ணி ஊத்து" என்பது சிறியது. மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் வராது. செய்யச் செய்யத்தான் மனம் பின்னால் வரும்.

சாவைப் பற்றிக் கேட்பதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற பயம் தவறானது. கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. இப்படிக் கேளுங்கள்: "இவ்வளவு கஷ்டம் வந்தா சில ஆக்களுக்கு உயிரை விட்டிரலாம் எண்டு தோணும். உங்களுக்கும் அப்பிடித் தோணுதா?" இல்லை என்றால் விட்டுவிடலாம். ஓம் என்றால் பதறாமல் அடுத்தது: எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா? யோசித்திருந்தால் அன்றிரவு அவரைத் தனியே விடக்கூடாது. அவரிடம் சொல்லிவிட்டே வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்குத் தெரியப்படுத்துங்கள், அடுத்த நாளே வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். "ஒருத்தருக்கும் சொல்லாதே" என்று சத்தியம் கேட்டால் செய்யாதீர்கள். "உயிர் விசயம் தவிர மற்ற ஒண்டும் வெளியில போகாது" என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். ஏற்கெனவே ஏதாவது செய்துவிட்டார் என்றால் ஒரு கேள்வியும் கேட்க வேண்டாம், 1990 அம்புலன்ஸ்.

பொலிஸ் வழக்கு வரும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வீட்டில் மறைக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. இலங்கையில் தற்கொலை முயற்சி 1998இலிருந்து குற்றம் இல்லை. இதை மாதர் சங்கக் கூட்டத்தில் ஒவ்வொரு மாதமும் சொன்னாலும் தகும்.

வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினி பற்றி ஒரு விசயம். 1995இல் இந்த நாட்டில் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே கூடிய வீதங்களில் ஒன்று அது. பிறகு வேகமாகக் குறைந்தது. அதில் பெரும் பங்கு, கடும் நஞ்சுள்ள நாசினிகளை அரசு படிப்படியாகத் தடை செய்ததற்கு உண்டு. கோபமும் விரக்தியும் உச்சத்தில் நிற்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கிறது. பூட்டுப் பெட்டி கொடுத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். அனுராதபுர மாவட்டத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் பயன் தெரியவில்லை. திறப்பு எங்கே தொங்குகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்தானே. வீட்டில் வைக்காமல் இருப்பதுதான் வழி: அடிக்கிற அன்றைக்கு வாங்குவது, மிஞ்சியதைக் கமக்காரர் அமைப்பில் ஒருவரின் பொறுப்பில் ஒரே இடத்தில் வைப்பது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த இரண்டு வீட்டிலும் இதை முதல் நாளே செய்து விடுங்கள். கிளினிக் குளிசைகளையும் அக்காவோ மாமியோ வைத்திருந்து நாளாந்தம் கொடுக்கட்டும்.

உங்கள் கைக்கு அப்பாற்பட்டவை எவை என்பதில் மயக்கம் இருக்கக்கூடாது. இல்லாத குரல் கேட்கிறது என்பவர், அயலார் நஞ்சு வைக்கிறார்கள் என்று சாப்பாட்டை விட்டவர், நாலு நாளாக உறங்காமல் நிறையப் பேசிக்கொண்டு காசை அள்ளி வீசுபவர் ஆகியோருக்கு வைத்தியம் வேண்டும், சீக்கிரம் வேண்டும். பிள்ளை பெற்ற முதல் சில வாரங்களுக்குள் தாய் குழம்பிப் பேசினால் அன்றைக்கே. மருத்துவிச்சி மிஸ்ஸுக்குச் சொல்லுங்கள், காத்திருக்க வேண்டாம். வயதானவர் நேற்றுவரை நன்றாக இருந்து இன்று ஆளை மட்டுக்கட்டாமல் பிதற்றினால் அது பெரும்பாலும் உடம்பு வருத்தம்: காய்ச்சல், சிறுநீரில் கிருமி, சீனி இறங்கியது. வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சலையும் டெங்குவையும் மறக்கக்கூடாது. பேய் என்று நூல் கட்டி ஒரு நாள் தாமதித்தால் உயிர் போகலாம்.

இதில் அதிகம் பேர் தவறவிடுவது குடிப்பழக்கத்தை. வருடக்கணக்காக நாள்தோறும் கசிப்புக் குடித்தவர் வைகாசிச் சடங்குக்கு விரதம் பிடித்து ஒரேயடியாக நிறுத்துகிறார். ஊர் மெச்சுகிறது. ஆறு மணித்தியாலத்தில் இருந்து ஒன்றிரண்டு நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு. இரண்டாம் மூன்றாம் நாள் இல்லாத ஆட்களைக் காண்கிறார், சுவரில் பூச்சி ஊர்வதைப் பிடிக்கிறார், நேரம் இடம் தெரியவில்லை. கோயில் வளவில் இது நடந்தால் தெய்வம் வந்தது என்றே எடுப்பார்கள். தெய்வம் ஆடுகிறவர் உரு இறங்கியதும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் தெளிவாகப் பேசுவார். இவர் தெளிய மாட்டார், உடம்பு கொதிக்கும், நாடி ஓடும். உடனே ஆஸ்பத்திரி. கிழமைக்கு ஒருமுறை குடிப்பவருக்கு இந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. காலையில் எழுந்ததும் நடுக்கம் அடங்கக் குடிப்பவர் யார் என்று பார்த்து வைத்து, விரதத்துக்கு இரண்டு கிழமை முந்தியே வைத்தியரிடம் அனுப்புங்கள். குளிசையோடும் விற்றமினோடும் ஒழுங்காக நிறுத்தலாம்.

சடங்கு செய்யும் கட்டாடியாரையும் நாட்டு வைத்தியம் செய்யும் பரிகாரியையும் மௌலவியையும் எதிரியாக்காதீர்கள். உங்களைவிட முன்னால் அவர்களிடம்தான் ஆள் போகும். 1990களில் இங்கே ஆய்வு செய்த மானிடவியலாளர் பட்ரிசியா லோரன்ஸ், யாரும் வாய் திறக்கப் பயந்த அந்தக் காலத்தில் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்பவர்களின் முன்னால்தான் காணாமல்போனவர்களின் தாய்மார் பேசவும் அழவும் முடிந்தது என்பதைப் பதிவு செய்திருக்கிறார். அது லேசான காரியம் இல்லை. அதனால் கட்டாடியாரோடு உட்கார்ந்து மூன்று விசயத்தில் மட்டும் உடன்பாடு வாங்குங்கள்: அடி இல்லை, பட்டினியும் கட்டிவைப்பதும் இல்லை, கிளினிக் மருந்தை நிறுத்தச் சொல்வதில்லை. நூலும் கட்டட்டும், குளிசையும் போகட்டும். "அம்மாள் மருந்தையும் எடுக்கச் சொல்றா" என்று அவர் வாயால் ஒரு சொல் வந்தால் உங்கள் பத்து விளக்கத்துக்குச் சமம்.

கிளினிக் பற்றி. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. உளமருத்துவர் மகேசன் கணேசன் போன்றவர்கள் சுனாமிக்கு முன்பே சேவையை ஆஸ்பத்திரி மதிலுக்கு வெளியே கொண்டுவர உழைத்தார்கள். 2005இன் தேசிய உளநலக் கொள்கைக்குப் பிறகு மாவட்ட மட்டத்தில் உளநல வைத்திய அதிகாரிகளும் வெளிக் கிளினிக்குகளும் பரவின. உங்கள் பிரதேச ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை உளநலக் கிளினிக் என்று நேரில் போய்க் கேட்டு எழுதி வாருங்கள். ஒரே நாளில் மூன்று நாலு பேருக்குத் தவணை வாங்கினால் ஒரு ஓட்டோவில் போய் வரலாம். துணைக்கு ஒருவர் போதும், மற்றவர்களின் கூலி தப்பும். பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்குப் பொறுப்பான உத்தியோகத்தரையும் ஒருமுறை ஊருக்கு அழைத்து முகத்தைப் பழக்கி வையுங்கள்.

குளிசை எடுக்கத் தொடங்குவோருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியது: மனச்சோர்வு மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும்; ஆனால் ஓங்காளமும் தலைச்சுற்றும் முதல் கிழமையே வரும். இது தெரியாததால் ஐந்தாம் நாள் நிறுத்துகிறார்கள். சுகம் வந்த பிறகும் ஆறு ஏழு மாதமாவது தொடர வேண்டும், நிறுத்துவதென்றால் வைத்தியர் படிப்படியாகக் குறைப்பார். கடும் மனநோய்க்கான ஊசியைச் சிலருக்கு மாதத்துக்கு ஒருமுறை போடுவார்கள். அந்தத் திகதியை உங்கள் கொப்பியிலும் எழுதுங்கள். உடம்பு இறுகுவது, வாயில் நீர் வடிவது, ஒரு இடத்தில் இருக்க முடியாத தவிப்பு எல்லாம் மருந்தின் பக்க விளைவாக இருக்கலாம், சொன்னால் மாற்றித் தருவார்கள். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் என்ற மருந்து எடுப்பவருக்கு வயிற்றோட்டமோ கடும் வெயில் வேலையோ என்றால் ஆபத்து. நோன்பு பிடிப்பதற்கு முன் கட்டாயம் வைத்தியரைக் கேட்க வேண்டும். கடும் மனநோய்க்குக் குளோசபின் என்ற மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சல், தொண்டை நோ வந்தால் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை. மற்ற மருந்துகளை நோன்பு காலத்தில் சஹருக்கும் இப்தாருக்கும் மாற்ற முடியும், அதையும் அவர்களே முடிவெடுக்காமல் கேட்டுச் செய்யட்டும்.

2022 நெருக்கடியில் இருந்து இன்னொரு சிக்கல் பழகிவிட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாவிட்டால் வெளியே பாமசியில் வாங்கச் சொல்வார்கள். அங்கே அதே மருந்து வேறு நிறத்தில், வேறு கம்பனிப் பெயரில் வரும். அடுத்த மாதம் ஆஸ்பத்திரியிலும் கிடைத்தால் இரண்டையும் சேர்த்து விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். போகும்போது வீட்டில் இருக்கும் அட்டைகளை எல்லாம் பாயில் கொட்டச் சொல்லி, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைக் கிளினிக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

கடனுக்கு ஆறுதல் மருந்தாகாது. யோசினையின் வேர் நுண்கடன் என்றால் அதையே எடுங்கள். ஒரு தாளில் கோடு போட்டு, எந்தக் கம்பனி, வாங்கியது எவ்வளவு, கிழமைக்கு எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை, அடகு ஏலத் திகதி எப்போது என்று எழுத வையுங்கள். பலருக்கு மொத்தத் தொகையே தெரியாது. எழுதியதும் முதலில் அழுவார்கள், அன்றிரவு கொஞ்சம் உறங்கவும் செய்வார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொன்று எடுப்பதை நிறுத்துவது முதல் படி. குழுப் பிணையில் மற்றப் பெண்களே வந்து திட்டுவதுதான் தாங்க முடியாத அவமானம். அதனால் கடன் தவணையை வீட்டு வாசலில் அல்ல, சங்கக் கட்டடத்தில், பகலில்தான் வாங்கலாம் என்று ஊராகத் தீர்மானம் போட்டுக் கம்பனிகளுக்குக் கடிதம் கொடுங்கள். வைப்புப் பணம் வாங்கும் நுண்நிதிக் கம்பனிகளுக்கு அனுமதி தரும் பொறுப்பை 2016இன் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் மத்திய வங்கிக்குக் கொடுத்தது. அனுமதி உண்டா என்று கேளுங்கள், முறைப்பாட்டுக்கு மத்திய வங்கியின் 1935 தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளுக்கு முப்பத்தொன்றே இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியையைச் செய், செய்யாதே என்று எந்தப் பக்கமும் தள்ள வேண்டாம். முப்பது வருடத்துக்குப் பிறகும் ஒரு தாய் மகனின் சேட்டை மடித்து வைத்திருப்பது நோய் இல்லை. அந்த வீட்டுக்குப் போவது அவன் பிறந்த நாளில், காணாமல்போன திகதியில்.

பிள்ளைகளுக்கு அதிகம் செய்யத் தேவையில்லை: பள்ளிக்கூடம் சீக்கிரம் திறப்பது, ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் விளையாட்டு, களிமண், பாட்டு. 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைச் சேர்த்து விளையாட்டையும் கதையையும் கலையையும் வைத்தே வேலை செய்தது. வெள்ளத்துக்குப் பிறகு படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பிள்ளைக்கு அடிக்கக் கூடாது என்பதைத் தாய்மாருக்குச் சொன்னால் பாதி முடிந்தது.

கொப்பியில் என்ன எழுதுவது? பெயர் வேண்டாம், வீட்டுக்கு ஓர் இலக்கம், போன திகதி, அடுத்த திகதி, ஒரு வரி. அவ்வளவுதான். கதைகளை எழுதினால் ஒருநாள் யாரோ வாசிப்பார்கள். எட்டுப் பேரும் மாதத்துக்கு ஒருமுறை ஒன்றரை மணித்தியாலம் கூடுங்கள், தேத்தண்ணியோடு. கதை சொல்ல அல்ல, "எந்த வீடு எனக்குப் பாரமாக இருக்கு" என்று சொல்ல. உறக்கம் கெட்டவர், வீட்டில் எரிந்து விழுகிறவர் ஒரு மாதம் ஓய்வெடுக்கட்டும், வீட்டை மற்றச் சோடிக்கு மாற்றுங்கள். மாற்றும்போது பழைய ஆளும் புதிய ஆளும் ஒருமுறை சேர்ந்தே அந்த வீட்டுக்குப் போக வேண்டும்.

தொடங்குவதற்கு நல்ல காலம் புரட்டாதி, மழை இறங்குவதற்கு முன். மார்கழியில் வெள்ளப் பயமும் சுனாமி நினைவும் சேர்ந்து வரும், தையில் பள்ளிச் செலவு, அறுவடைக் காசு வரும் வரை அடகு. முதல் மாதம் எட்டு வீட்டுக்கு மேல் எடுக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த இரண்டு வீட்டோடு தொடங்கி, இந்த வியாழன் யார் போகிறார் என்று இன்றைக்கே பெயர் எழுதுங்கள்.